வெறுங்கூடும் புதுக்கோழியும்

வீட்டுப் புறக்கடையில் ஐந்தாறு கோழிகளை வளர்த்து, அவற்றை ஒரே வாரத்தில் இழந்துவிட்ட குடும்பத்தின் துயரம் வெளியாருக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. மாடு இறந்துவிட்டால் ஊரார் வந்து விசாரிப்பார்கள். கோழி இறந்தால் விசாரிப்பவர் எவருமில்லை. ஆயினும், அந்த முட்டைகளை விற்ற காசில்தான் அவ்வீட்டுப் பிள்ளைக்குக் குறிப்பேடு வந்தது. எண்ணெயும் உப்பும் வந்தன. திடீரென்று காய்ச்சல் கண்டால் மருந்துக்கு விற்பதற்கென்று ஒரு சேவலும் நின்றுகொண்டிருந்தது. நம் நாட்டில் புறக்கடைக் கோழி பெரும்பாலும் பெண்டிரின் கைப்பொருளாகும். கணவரைக் கேளாமலும் கடன் வாங்காமலும் அவர்கள் எடுத்துச் செலவிடக்கூடிய செல்வம் அது ஒன்றே என்று சொல்லத்தக்க குடும்பங்கள் பல உள்ளன.

இது சிறிய செய்தி என்று ஒதுக்கத்தக்கதன்று. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலிருந்த 85 கோடிக்கு மேற்பட்ட வளர்ப்புப் பறவைகளுள் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடையில் வளர்ந்தவை. அதற்கு முந்தைய 2012ஆம் ஆண்டுக் கணக்கைக் காட்டிலும் இவ்வெண்ணிக்கை ஏறக்குறைய 46 விழுக்காடு மிகுதி. பெரும் பண்ணைகள் பெருகிய காலத்திலேயே வீட்டுக்கோழியும் பெருகியிருக்கிறது. எனவே, கோழிகளை இழந்த வீட்டில் மீண்டும் கோழி வளர்ப்பது எவ்வாறு என்னும் கேள்வி இலட்சக்கணக்கான வீடுகளுக்கு உரிய கேள்வியாகும்.

கூடு வெறுமையானவுடன் நம்மில் பலருக்குத் தோன்றும் எண்ணம், வளர்ந்த கோழிகள் நான்கை வாங்கிவந்து விட்டுவிட வேண்டும் என்பதே. அவ்வெண்ணம் தவறன்று. குஞ்சு வாங்கினால் அது முட்டையிட ஐந்தாறு மாதம் காத்திருக்க வேண்டும்; அதற்குள் காக்கைக்கும் பருந்துக்கும் பூனைக்கும் எத்தனை இரையாகும் என்று சொல்வதற்கில்லை. வளர்ந்த கோழியோ விரைவில் பயன் தரும். நாட்டுக்கோழியாயின் அடைகாத்துக் குஞ்சு பொரித்து, இழந்த கூட்டத்தைத் தானே மீட்டுக் கொடுக்கும். ஆனால், வளர்ந்த கோழி தனியே வருவதில்லை. தான் வளர்ந்த இடத்தின் நோயையும் பேனையும் உண்ணியையும் உடன்கொண்டு வரக்கூடும். அது வந்து சேரும் நம் கூட்டிலோ, முன்னைய கோழிகளைக் கொன்ற பகை இன்னும் ஒளிந்திருக்கக்கூடும். புதுக்கோழி நம் வீட்டிற்கு நோயைக் கொண்டுவராமலும், நம் வீடு புதுக்கோழிக்கு நோயைக் கொடாமலும் காக்கும் வழி யாது என்பதே நாம் இன்று எண்ணிப் பார்க்க வேண்டியது.

முதலில் விடைகாண வேண்டிய கேள்வி, பழைய கோழிகள் எதனால் போயின என்பது. இவ்விடையைக் காணாமல் புதியவற்றை வாங்குவது, ஓட்டைப் பானையில் மறுபடியும் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

விலங்கினால் போயிருப்பின், வந்த விலங்கு மீண்டும் வரும் என்றே கொள்ள வேண்டும். ஒருமுறை எளிதாக இரை கிடைத்த இடத்தைக் கீரியும் மரநாயும் காட்டுப்பூனையும் மறப்பதில்லை. தெருநாய் பல கோழிகளைக் குதறிப் போட்டுவிட்டுப் போகும். இவற்றிற்கு நஞ்சு வைப்பதும் கண்ணி வைப்பதும் முறையன்று; கீரி முதலியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. நாம் செய்யத்தக்கது கூட்டை வலுப்படுத்துவதே. கதவின் கீழ் இடைவெளி, மண்சுவரின் பொந்து, கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து ஆகியவற்றை அடைத்து, கம்பிவலையை மண்ணுக்குள்ளும் ஓரடி ஆழம் இறக்கி, மாலையில் கோழிகள் அடைந்தவுடன் கதவைத் தாழிடும் பழக்கத்தையும் கைக்கொண்டோமாயின் இவ்விழப்பில் பெரும் பகுதி நின்றுவிடும்.

நோயினால் போயிருப்பின் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் கோழிகள் தூங்கி விழுந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சுவாங்கி, சில கழுத்து முறுக்கிக்கொண்டு இறந்திருந்தால், நாம் முதலில் ஐயுற வேண்டியது நம் ஊர்களில் வெள்ளைக் கழிச்சல் என்று வழங்கும் ராணிக்கேத் நோயை. 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்ட இந்நோய், அதனையடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் நம் நாட்டில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரில் காணப்பட்டது. அழகிய மலையூர் ஒன்றின் பெயர் கோழிச் சாவின் பெயராக நாடெங்கும் பரவியது இவ்வாறுதான். அதே குமாவுன் மலையிலுள்ள முக்தேசுவரின் ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் இதற்கான தடுப்பு மருந்து உருவாக்கப்பட்டது என்பதும் நாம் அறியத்தக்கதே.

பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும். 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் அது நம் நாட்டுக் கோழிகளிடையே முதன்முறையாகக் காணப்பட்டது. 2008 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் வீர்பூம் மாவட்டத்தில் தொடங்கிப் பரவியபோது, இலட்சக்கணக்கான பறவைகள் அழிக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பல வீட்டுக்கோழிகள். ஆகவே, பல கோழிகள் ஒருசேர இறந்தால் அவற்றை வெறுங்கையால் தொடாமலும், உரித்துச் சமைக்காமலும், கிணற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் எறியாமலும், உடனே கால்நடை மருந்தகத்திற்குச் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் இதனை உரிமையாளரின் கடமையாகவே வகுத்துள்ளது. மருத்துவர் வேறு வகையாகச் சொல்லாவிடில், இறந்தவற்றைச் சுண்ணாம்பிட்டு ஆழக் குழியில் புதைப்பது நல்லது. நோய் பறவைக் காய்ச்சல் என்று உறுதியானால், அரசு இசைவு தரும்வரை புதுக்கோழி என்னும் பேச்சே கூடாது.

இனி, சந்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் கோழிகள் இறந்த வாரத்திலேயே, வாரச்சந்தையில் கோழி மலிவாகக் கிடைப்பதைப் பலர் கண்டிருப்பர். வடநாட்டில் ஹாட் என்று வழங்கும் சந்தையிலும் இதே நிலைதான். அதன் காரணம் எளியது. ஊரில் நோய் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டவர்கள், தம் கோழிகள் சாவதற்கு முன் வந்த விலைக்கு விற்றுவிட முற்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களும் நம்மைப் போன்ற ஏழைக் குடும்பத்தினரே. ஆனால், அக்கூடையிலுள்ள கோழி இன்று நின்று இரை பொறுக்கினாலும் நோயின் வித்து அதனுள் இருக்கக்கூடும். நம் இழப்பை ஈடுசெய்வதுபோல் தோன்றும் அந்த மலிவு விலையே அவ்விழப்பை மீண்டும் நம் வீட்டிற்குக் கொண்டுவருகிறது. ஆதலின், அக்கம்பக்கத்தில் கோழிச்சாவு இருக்கும் காலத்தில் சந்தையில் கோழி வாங்காதிருப்பதே முதல் விதி. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு முற்றும் பொருந்தும்.

காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. கூட்டைத் துப்புரவாக்கும் காலம் அதுவே. எச்சமும் பழைய வைக்கோலும் முழுவதும் அகற்றப்பட வேண்டும். தரை மண்ணாயின் மேல்மண்ணைச் சுரண்டியெடுத்துப் புதைக்க வேண்டும். அழுக்கு இருக்குமிடத்தில் எந்தக் கிருமிநாசினியும் முழுப்பயன் தராது. பின்னர்ச் சோப்பு நீரால் கழுவி, வெயிலில் உலரவிட்டு, சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு அடித்தல் வேண்டும். தீவனத்தட்டும் நீர்ச்சட்டியும் நன்கு தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்கத்தக்கவை.

பலர் மறந்துவிடும் பகை ஒன்று உண்டு. பகலில் சுவரின் விரிசலிலும் மரச்சட்டத்தின் இடுக்கிலும் ஒளிந்திருந்து, இரவில் வெளிப்பட்டுக் கோழியின் இரத்தத்தை உறிஞ்சும் உண்ணியும் செவ்வுண்ணியும் அவை. கோழியே இல்லாத கூட்டிலும் செவ்வுண்ணி பல மாதம் உயிர்வாழும். கோழி உண்ணியோ ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடக்க வல்லது. இரத்தத்தை உறிஞ்சுவதோடு நில்லாமல், கொடிய காய்ச்சல் நோயையும் அது பரப்புகிறது. ஆகவே, கூட்டைச் சில காலம் வெறுமையாக வைத்தால் போதும், எல்லாம் தானே அழிந்துவிடும் என்று எண்ணலாகாது. விரிசல்களைச் சுண்ணாம்பும் மண்ணும் கலந்து பூசி அடைப்பதும், ஓலைக்கூரை இல்லாத இடமாயின் இடுக்குகளில் தீச்சுடர் காட்டுவதும், மருத்துவர் சொல்லும் மருந்தைத் தெளிப்பதும் வேண்டும். உளுத்துப்போன மரச்சட்டத்தை எரித்துவிட்டுப் புதியது இடுவதே சிக்கனமாகும்.

ஊரில் நோய் அடங்கி, கூடும் தூய்மையான பின் கோழியைத் தேடலாம். இயன்றவரை சந்தையைத் தவிர்த்து, வளர்க்கும் வீட்டிற்கே சென்று வாங்குவது நலம். அங்கே மற்றக் கோழிகளும் நலமாக உள்ளனவா, தடுப்பூசி எப்பொழுது போடப்பட்டது என்று கேட்டறியலாம். கண் தெளிவாகவும் மூக்கு உலர்ந்தும் இருக்க வேண்டும். மூச்சில் கரகரப்பு இருத்தலாகாது. இறகைப் பிரித்து அடியில் பேன் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கொண்டை சிவந்து தடித்து, எச்சவாய் ஈரமாக அகன்று, அதன் இருபுறத்து எலும்பு நுனிகளுக்கிடையே இரண்டு விரல் நுழைய இடமிருப்பின் அது முட்டையிடும் கோழி என்று கொள்ளலாம். கால் செதில்கள் வழவழப்பாக இருந்தால் இளங்கோழி. தடித்துச் சொரசொரப்பாக இருந்தால் வயது முதிர்ந்தது.

எந்த இனம் வேண்டும் என்பது நம் நோக்கத்தைப் பொறுத்தது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50 அல்லது 60 முட்டைகளே இடும். ஆனால் அடைகாக்கும், பருந்தின் நிழல் கண்டால் புதருக்குள் ஓடும். ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா முதலியவை அதனினும் மிகுதியாக முட்டையிடும். ஆனால் அவை பொதுவாக அடைக்கு அமர்வதில்லை. முட்டைப் பண்ணைகளிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை வயதில் கழிக்கப்படும் வெள்ளைக்கோழிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. அவை கூண்டிலேயே வளர்ந்தவை. அலகு நுனி வெட்டப்பட்டிருப்பதால் தரையில் இரை பொறுக்கத் திணறும். பகை கண்டு ஓடவும் அறியா. இழந்த கூட்டத்தை மீண்டும் பெருக்க எண்ணும் வீட்டிற்கு, நோயற்ற நாட்டுக்கோழிகள் இரண்டும் ஒரு சேவலும் போதுமான தொடக்கமாகும்.

வாங்கிவந்த கோழியை நேரே கூட்டில் விடலாகாது. இதுவே இப்பேச்சின் மையம் என்று கொள்ளுங்கள். உடல் நலமாகத் தோன்றும் கோழி, நோயைத் தன்னுள் தாங்கியிருக்கக்கூடும். ராணிக்கேத் நோய் தொற்றியபின் வெளிப்படச் சில நாட்களும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். ஆகவே, உலக விலங்குநல அமைப்பு அந்நோய்க்கு 21 நாளைக் கணக்காக வைத்துள்ளது. கோழி அடைகாத்துக் குஞ்சு பொரிப்பதற்கும் 21 நாள்தான். ஒரு தாய்க்கோழி முட்டையின்மேல் அமர்ந்திருக்கும் அவ்வளவு பொறுமையை நாமும் காட்டினால் போதும் என்று இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இயன்றால் 30 நாளாக நீட்டிப்பது இன்னும் நன்று.

இதற்கெனத் தனிக்கட்டடம் வேண்டியதில்லை. வீட்டின் மறுபக்கத்தில், மழை படாத நிழலில், இரண்டு பஞ்சாரங்களோ மூங்கில் தட்டி கட்டிய ஒரு மறைப்போ போதும். தட்டும் சட்டியும் தனியாக இருக்க வேண்டும். பழைய கோழி ஏதேனும் எஞ்சியிருப்பின், அதற்கு முதலில் தீவனமிட்டபின் புதியவற்றிடம் செல்ல வேண்டும்; திரும்பும்போது கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். எச்சத்தின் நிறம், இரையெடுக்கும் அளவு, மூச்சு ஆகிய மூன்றையும் காலை மாலை பார்த்தால் நோயின் முதல் அடையாளம் தெரிந்துவிடும்.

இக்காலத்திலேயே மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு மருந்தும், அதன்பின் ராணிக்கேத் தடுப்பூசியும் கொடுக்கச் செய்ய வேண்டும். எட்டு வாரம் கடந்த கோழிகளுக்கு இறக்கையின் தோலடியில் அது போடப்படுகிறது. ஊசி போட்ட அன்றே காப்புக் கிடைத்துவிடுவதில்லை. அதற்கு ஓரிரு வாரம் வேண்டும். நோய் கண்டுவிட்ட கோழிக்குத் தடுப்பூசி மருந்தாகாது.

இங்கே ஓர் இடர் உண்டு. அம்மருந்து பொதுவாக நூறு கோழிகளுக்கு உரிய அளவில் ஒரே குப்பியாக வருகிறது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கலக்கிய பின் இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். நான்கு கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டிற்காக அக்குப்பியைத் திறப்பது எளிதன்று. ஆனால், ஒரு தெருவிலுள்ள இருபது வீட்டார் ஒன்றுசேர்ந்து, விடியற்காலையில் கூடு திறக்குமுன் ஊசி போட ஏற்பாடு செய்துகொண்டால் ஒரு குப்பியில் தெரு முழுவதும் காக்கப்படும். உண்மையில் வேறு வழியும் இல்லை. நம் கோழி அடுத்த வீட்டுக் குப்பையைக் கிளறுகிறது. அடுத்த வீட்டுக் கோழி நம் முற்றத்தில் நீர் குடிக்கிறது. நாம் மட்டும் காத்த கூடு காக்கப்பட்ட கூடன்று. பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் உள்ள ஊர்களில் இதனை அக்குழுக்களே ஏற்று நடத்தலாம். கோடை தொடங்குமுன் நடத்தினால் பயன் மிகுதி.

சாவுக்குத் தப்பிய பழைய கோழி ஒன்றிரண்டு நம்மிடம் இருக்குமாயின் அவற்றைப் பற்றியும் எண்ண வேண்டும். தப்பிய கோழி நலமான கோழி என்று உடனே முடிவு செய்யலாகாது. நோயை வென்ற கோழியும் சில வாரம்வரை கிருமியை வெளியிடக்கூடும். நாட்பட்ட சளிநோயாயின், அக்கோழி வாழ்நாள் முழுவதும் நோயைப் பரப்பவும் கூடும். ஒற்றையாகத் திரியும் கோழியைப் பார்க்க நமக்கு இரக்கம் தோன்றுகிறது. அதன் துணைக்கென்றே விரைந்து புதியதை வாங்கிவிடுகிறோம். அவ்விரக்கம் இரண்டு கோழிகளையும் கொல்லாதிருக்க, மருத்துவரிடம் கேட்டறிந்த பின்பே அவற்றைச் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பதற்கும் முறையுண்டு. கோழிகளுக்குள் முதல்வி யார், அடுத்தவள் யார் என்னும் வரிசை உண்டு என்பதைக் கிராமத்துப் பெண்கள் என்றும் அறிவர். நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டரப்-எப்பே, 1920களின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்து, ஒன்றையொன்று கொத்தும் வரிசையாக உலகிற்கு எடுத்துரைத்தார். புதுக்கோழி வந்தவுடன் அவ்வரிசை குலைந்து மீண்டும் அமைகிறது. அதற்குள் கொத்தும் குருதியும் நிகழும். ஆகவே, முதலில் ஒரு வாரம் தட்டிக்கு இப்பாலும் அப்பாலுமாக ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். பின்னர் இருட்டியபின் புதியவற்றைப் பழைய கோழியின் அருகே கம்பின்மேல் அமர்த்தினால், விடியும்போது ஓரளவு இணக்கம் ஏற்படும். ஒற்றைக் கோழியைச் சேர்ப்பதினும் இரண்டு மூன்றைச் சேர்ப்பது நல்லது. கொத்து ஒன்றின்மேலேயே விழாது. தீவனத்தட்டுகளை இரண்டு மூன்று இடங்களில் வைத்தால், அஞ்சி ஒதுங்கும் கோழியும் பட்டினியின்றி உண்ணும். சிறிது விரட்டலைக் கண்டு நாம் குறுக்கிட வேண்டியதில்லை. குருதி கண்டால் உடனே பிரிக்க வேண்டும்.

புதுக்கோழியை முதல் சில நாட்கள் கூட்டிலேயே அடைத்து வைத்துத் தீவனமிட வேண்டும். இவ்விடமே தன் இருப்பிடம் என்று பழகிய கோழிதான் மாலையில் தானே வந்து அடையும். பின்னர், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிட்டால், அதிக தூரம் போகாமல் திரும்பும். இடமாற்றத்தின் அதிர்ச்சியால் முட்டை நின்றுவிடுவது இயல்பு. வாங்கிய மறுநாளே முட்டையை எதிர்பார்த்து, இல்லையென்றவுடன் விற்றவரை ஏசுவதும் கோழியை அறுப்பதும் கூடா. தெளிந்த நீரும், தானியத்தோடு சிறிது பிண்ணாக்கும் கீரையும், பொடித்த கிளிஞ்சலும் கொடுத்துவந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் மீண்டும் இடத் தொடங்கும். இறகுதிர்க்கும் பருவமாயின் இன்னும் சில வாரம் பொறுத்திருக்க வேண்டியிருக்கும்.

இவையனைத்தையும் கூட்டிப் பார்த்தால், கடைசிக் கோழி இறந்த நாளிலிருந்து புதுக்கோழி கூட்டில் அடையும் நாள்வரை இரண்டு மாதத்திற்குக் குறையாது. முட்டைக் காசை நம்பியிருக்கும் வீட்டிற்கு இரண்டு மாதம் நெடுங்காலமே. அதனை நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும், அவசரமாக வாங்கி இரண்டாம் முறையும் இழந்த வீட்டில், கோழிகளோடு வாங்கிய பணமும் போய்விடுகிறது. பணத்தினும் பெரிதாக, இனிக் கோழியே வேண்டாம் என்று வீட்டுப் பெண்களின் மனமும் தளர்ந்துவிடுகிறது. அவ்வாறு தளர்ந்து கைவிடப்பட்ட கூடுகள் நம் ஊர்களில் பல உண்டு.

ஆகவே, வெறுங்கூட்டைக் கண்டு வருந்தும் வீட்டினருக்கு நாம் கூறுவது இதுவே: இழந்ததன் காரணத்தை அறியுங்கள், கூட்டைத் தூய்மை செய்யுங்கள், மலிவுக்கு மயங்காதீர்கள், வந்த கோழியை 21 நாளேனும் தனியே வையுங்கள், தெருவோடு சேர்ந்து தடுப்பூசி போடுங்கள். இவ்வைந்தும் பெருஞ்செலவின்றி ஏழை வீட்டாலும் செய்யக்கூடியவை. இவற்றைச் செய்த வீட்டில், அடுத்த பருவத்தில் நாட்டுக்கோழி ஒன்று அடைக்கு அமருமாயின், அதன் சிறகின் கீழிருந்து வெளிவரும் குஞ்சுகளே அவ்வீடு தன் இழப்பிலிருந்து மீண்டதற்குச் சான்றாகும்.